உயரத்தின் விலை: இலண்டன் மாநகரின் பார்வைமாடங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலண்டன் மாநகரின் பழைய வணிகப் பகுதி 'சிற்றி' என வழங்கப்படுவது. அங்கே பென்சேர்ச் வீதி 20ஆம் இலக்கத்தில் 160 மீற்றர் உயரமான அலுவலகக் கட்டடம் ஒன்று நிற்கின்றது. அதன் உச்சியிலுள்ள மூன்று தளங்கள் கண்ணாடிக் கூரையின்கீழ் ஒரு தோட்டமாக அமைக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டு சனவரி மாதத்திற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 'வான்தோட்டம்' எனும் பொருள்படப் பெயரிடப்பட்ட இவ்விடத்தைக் காணக் கட்டணம் இல்லை. முற்கூட்டியே நாளும் நேரமும் குறித்து அநுமதிச்சீட்டுப் பெற்றவர், விமான நிலையத்திற்போலத் தமது பையைச் சோதனைக்கு ஒப்படைத்துவிட்டு மின்னுயர்த்தியில் ஏறிச் சென்றால், தேம்ஸ் நதியும் அதன் பாலங்களும், கிழக்கே இலண்டன் கோபுரக் கோட்டையும், மேற்கே சென் போல் பேராலயத்தின் குவிமாடமும் ஒருங்கே கண்ணிற்படும். தென்னாபிரிக்காவிலும் மத்தியதரைக் கடற் பிரதேசத்திலும் வளரும் செடிகளுக்கிடையே அவர் உலாவலாம். விரும்பின் அங்குள்ள உணவகத்தில் விலைகொடுத்து உண்ணலாம்.

இக்காட்சி வரலாற்று மாணவரிடம் ஒரு வினாவை எழுப்புகின்றது. வானளாவிய கட்டடங்களில் மேலே செல்லச் செல்ல வாடகை உயரும். பென்சேர்ச் வீதிக் கட்டடமோ அடியிற் குறுகி மேலே விரிந்து செல்லும் வடிவினது. கூடிய வாடகை தரும் மேற்றளங்களின் பரப்பைப் பெருக்குவதற்கு ஏற்ற வடிவம் அது. சதுர அடியைப் பொன்னாக எண்ணும் நிலவணிகர், யாவற்றினும் உயர்ந்த தளங்களை ஊரவர்க்கு இனாமாக விட்டது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, நகரை மேலிருந்து நோக்கும் உரிமை இலண்டனில் யார் யார் கைகளில் இருந்து வந்தது என்பதை ஆராய்தல் வேண்டும்.

அரசும் ஆலயமும்

உயரம் என்பது வரலாற்றின் பெரும்பகுதியில் ஆள்வோரின் உடைமையாகவே இருந்தது. கோட்டைக் கொத்தளத்திலிருந்து பகைவரை நோக்கியவன் காவலன். மணிக்கூண்டில் ஏறி ஊரை நோக்கியவன் ஆலயப் பணியாளன். சாதாரண நகரவாசி தான் வாழ்ந்த நகரை முழுமையாகக் காணும் வாய்ப்பின்றியே வாழ்ந்து மறைந்தான்.

1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திற் புடிங் ஒழுங்கையிலிருந்த வெதுப்பகம் ஒன்றில் மூண்ட தீ, இலண்டனின் பெரும்பகுதியை எரித்தது. அதன் நினைவாகக் கிறிஸ்தோபர் ரென், ரொபேட் ஹூக் ஆகிய இருவரின் திட்டப்படி 1671 முதல் 1677 வரை ஒரு கற்றூண் எழுப்பப்பட்டது. அதன் உயரம் 202 அடி. தீ மூண்ட இடத்துக்கும் தூணுக்கும் இடைப்பட்ட தூரமும் 202 அடியே. உள்ளே 311 படிகள் சுழன்று ஏறுகின்றன. உச்சியிலுள்ள மேடையைக் கட்டணம் செலுத்திய எவரும் அடையலாம் என்றானபோது, உயரம் அரசகுலத்தவரோ குருமாரோ அல்லாதோர்க்கும் எட்டுவதாயிற்று. 1763ஆம் ஆண்டில் இத்தூணில் ஏறிய எழுத்தாளர் ஜேம்ஸ் பொஸ்வெல், அரைவழியில் அச்சமுற்றதையும், திரும்பிச் சென்றால் தம்மைத் தாமே இகழ நேருமே என்று மேலே ஏறியதையும் தமது நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். உயரத்திலிருந்து நோக்குதல் அக்காலத்தவர்க்கு எவ்வளவு புதிய அனுபவமாயிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

எனினும் அத்தூண் ஆள்வோரின் குரலாகவும் பயன்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. தீக்குக் கத்தோலிக்கரே காரணர் எனும் பொய்க் குற்றச்சாட்டு 1681ஆம் ஆண்டில் அதன் அடிப்பீடத்திற் பொறிக்கப்பட்டது. கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் ஆட்சியில் அது நீக்கப்பட்டு, அவர் முடியிழந்தபின் மீண்டும் பொறிக்கப்பட்டு, 1830ஆம் ஆண்டிலேதான் இறுதியாக அகற்றப்பட்டது. மேலே ஏறியவன் நகரைக் கண்டான். கீழே அவன் வாசித்தது ஒரு சிறுபான்மையினர்மீது சுமத்தப்பட்ட பழி. பார்வைமாடம் எதுவும் அதனை எழுப்பியவரின் நோக்கத்திலிருந்து முற்றாக விடுபடுவதில்லை என்பதை இது உணர்த்துகின்றது.

ரென் அமைத்த மற்றோர் உயரம் 365 அடியுடைய சென் போல் பேராலயம். 1710 முதல் 1963 வரை, அதாவது இரண்டரை நூற்றாண்டுக் காலம், இலண்டனில் அதனை விஞ்சிய கட்டடம் எழவில்லை. அதன் மாடங்களைக் காண வந்தோரிடமும் பணம் அறவிடப்பட்டது. அரசின் தூணாயினும் ஆலயத்தின் குவிமாடமாயினும், காட்சிக்கு ஒரு விலை குறிக்கப்பட்டாயிற்று.

காட்சி வணிகப் பொருளாதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விலை முதலீட்டுக்குரிய பொருளாக மாறியது. 1820களின் தொடக்கத்திற் சென் போல் குவிமாடத்தின் உச்சியிலுள்ள உருண்டையும் சிலுவையும் திருத்தப்பட்டபோது, அங்கு கட்டப்பட்ட சாரத்தின்மேல் தொமஸ் ஹோர்னர் எனும் நிலஅளவையாளர் ஒரு சிறு அறையை அமைத்துக்கொண்டார். நிலக்கரிப் புகை நகரை மூடுமுன்னர், விடியற்காலையில் அவர் நகரின் நாற்றிசையையும் வரைந்தார். அவ்வரைபுகளைக் கொண்டு, 40,000 சதுர அடிக்கு மேற்பட்ட பரப்பில் ஒரு வட்ட ஓவியம் தீட்டப்பட்டது. அதனை வைப்பதற்கென ரீஜன்ற் பூங்காவிற் 'கொலோசியம்' எனும் மண்டபம் கட்டப்பட்டு, 1829ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. பார்வையாளரை மேலே கொண்டுசெல்ல அங்கே 'ஏறும் அறை' ஒன்றும் இருந்தது. பயணிகளுக்கான மின்னுயர்த்தியின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்றெனலாம்.

இதன் முரண் கவனிக்கத்தக்கது. இலண்டன்வாசிகள் தமது நகரைக் காணாது, நகரின் ஓவியத்தைக் காண்பதற்குப் பணம் செலுத்தினர். நகரைச் செல்வமாக்கிய ஆலைகளினதும் அடுப்புகளினதும் புகை நகரின் முகத்தை மறைத்தது. மறைந்த முகம் ஓவியமாக விற்கப்பட்டது. ஹோர்னரோ கடன்சுமை தாளாது அமெரிக்காவுக்குச் சென்றுவிட்டார். மண்டபமும் 1870களில் இடிக்கப்பட்டது.

இவ்வணிகம் முழுமையுற்றது அமெரிக்காவிலேயே. 1931ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் எம்பயர் ஸ்ரேற் கட்டடம் திறக்கப்பட்டபோது பொருளாதாரப் பெருமந்தம் நிலவியது. அலுவலக அறைகள் பல வெறுமையாகக் கிடந்தன. அத்தகைய முதலாண்டிற் பார்வைமாடத்தின் கட்டண வருமானம் அலுவலக வாடகைக்கு ஏறத்தாழச் சமமாயிருந்தது. தொழிலற்றோர் நிறைந்த நகரில் அந்நகரின் காட்சியே கட்டடத்தைத் தாங்கி நின்றது.

எண்பது அடி எல்லை

நியூயோர்க் வானை நோக்கி வளர்ந்தபோது இலண்டன் தாழ்ந்தே இருந்தது. அதற்குச் சட்டமே காரணம். 1870களில் இலண்டனில் எழுந்த 'குவீன் ஆன் மாளிகைகள்' எனும் பன்மாடிக் குடியிருப்பு, பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து பாராளுமன்றத்தைக் காணவொட்டாது மறைத்ததால் விக்டோரியா மகாராணி சினங்கொண்டார் என்பர். தீயணைப்போரின் ஏணி எட்டாத உயரம் பற்றிய அச்சமும் நிலவியது. இவற்றின் விளைவாக, 1894ஆம் ஆண்டின் இலண்டன் கட்டடச் சட்டம் கட்டடங்களின் உயரத்தைப் பொதுவாக 80 அடிக்கு மட்டுப்படுத்தியது.

1930களிற் பரடே கட்டடம் எனும் தொலைபேசி நிலையம் ஆற்றங்கரையிலிருந்து சென் போல் ஆலயத்தைக் காணும் காட்சியைக் கெடுத்தபோது, ஆலயத்தைச் சூழ எழும் கட்டடங்களின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. அவை இன்றும் நடைமுறையில் உள்ளன. இவ்விதிகள் யாவும் ஒரு வகைக் காட்சியையே காத்தன: கீழே நிற்பவன் மேலேயுள்ள ஆலயத்தை நோக்கும் காட்சி. மேலிருந்து நகரை நோக்கும் உரிமை மக்களுக்கும் உண்டென்பது அன்றைய சட்டம் இயற்றியோரின் சிந்தையில் இடம்பெறவில்லை.

அரசின் கோபுரமும் கம்பனிகளின் கோபுரங்களும்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இவ்வெல்லைகள் தளர்ந்தன. அக்காலத்து நலன்புரி அரசின் சின்னமாக எழுந்தது தபாற் கந்தோர்க் கோபுரம். தொலைத்தொடர்பு அலைகளை அனுப்புவதற்கென அரசு கட்டிய இக்கோபுரத்தை 1965ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் பிரதமர் ஹரோல்ட் வில்சன் தொடக்கிவைத்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில், தபால் அமைச்சர் ரொனி பென் அதன் பார்வைமாடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தார். உச்சியிற் சுழலும் உணவகம் ஒன்றும் இருந்தது. முதலாண்டில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் கோபுரத்தைக் காண வந்தனர். இங்கும் கட்டணம் உண்டு. ஆயினும் கோபுரம் பொதுச்சொத்து, அதன் உயரம் பொதுச்சொத்தின் உயரம் எனும் உணர்வு மேலோங்கியிருந்தது.

அது நீடிக்கவில்லை. 1971ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆந் திகதி அங்கு குண்டு வெடித்ததன்பின் பார்வைமாடங்கள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. 1980இல் உணவகமும் மூடப்பட்டது. பின்னர் தொலைத்தொடர்புச் சேவை தனியார்மயமாக்கப்பட்டபோது கோபுரமும் கம்பனியின் சொத்தாயிற்று. 2024ஆம் ஆண்டில் அதனை அமெரிக்க விருந்தினர்விடுதி நிறுவனமொன்றுக்கு விற்கும் உடன்படிக்கை அறிவிக்கப்பட்டது.

அரசு உயரத்தைக் கைவிட்ட அதே காலத்தில் நிதிமூலதனம் உயரத்தைக் கைப்பற்றியது. 1980களின் தொடக்கத்திற் சிற்றியில் 183 மீற்றர் உயரமான வங்கிக் கோபுரம் எழுந்தது. 1986இற் பங்குச்சந்தை மீதான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதும் அலுவலகத் தளங்களுக்கான வேட்கை பெருகியது. 1991இற் கனரி வாவ் பகுதியில் 235 மீற்றர் கோபுரமும், 2004இற் சிற்றியிற் கூம்பு வடிவக் கோபுரமும் தோன்றின. இவற்றின் உச்சிகள் நகரவாசிக்கு அன்றாடம் திறந்த இடங்களாக அமையவில்லை. 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் 'ஷாட்' கோபுரத்தின் பார்வைமாடம் திறக்கப்பட்டபோது, வளர்ந்தோர் ஒருவர்க்கு முற்பதிவுக் கட்டணம் 24.95 பவுண். ஒரு தொழிலாளி தன் மனைவி மக்களுடன் சென்று காணக்கூடிய விலை அதுவன்று.

கொடுக்கல் வாங்கல்

இப்பின்னணியிலேயே பென்சேர்ச் வீதியின் இலவசத் தோட்டத்தை மதிப்பிடல் வேண்டும். அக்கட்டடத்துக்கான முதற் திட்டம் ஏறத்தாழ 200 மீற்றர் உயரமுடையதாயிருந்தது. வானளாவிகளுக்கென ஒதுக்கப்பட்ட தொகுதிக்கு வெளியே, நதியை அண்மி, அது தனித்து நிற்கவிருந்தது. சென் போல் ஆலயத்தினதும் இலண்டன் கோபுரத்தினதும் காட்சி பாதிக்கப்படும் என்று மரபுச் சின்னங்களைப் பேணும் அமைப்புகள் எதிர்த்தன. உயரம் 160 மீற்றராகக் குறைக்கப்பட்டது. 2007இற் பகிரங்க விசாரணை நடைபெற்று, அவ்வாண்டு யூலையில் அமைச்சர் ஹேசல் பிளியேர்ஸ் அநுமதி வழங்கினார். அநுமதிக்கு ஆதரவாக முன்வைக்கப்பட்ட பொதுநன்மைகளுள் முதன்மையானது உச்சியில் அமையவிருந்த மக்கள் தோட்டமாகும். ஆகவே, அத்தோட்டம் கொடையன்று. எழும்பக்கூடாத இடத்தில் எழும்புவதற்குக் கொடுக்கப்பட்ட விலை அது. முதற்பகுதியில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே.

விலை நேர்மையாகச் செலுத்தப்பட்டதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வாக்களிக்கப்பட்டது பொதுப் பூங்கா. கிடைத்ததோ முற்பதிவும் சோதனையும் நேரக்கட்டுப்பாடும் உடைய, உணவகங்கள் இடம்பிடித்த ஒரு மண்டபம் எனக் கட்டடக்கலை விமரிசகர் பலர் கண்டித்தனர். பூங்காவில் எவரும் காரணமின்றி உட்கார்ந்திருக்கலாம்; பாடலாம்; கூட்டங்கூடிப் பேசலாம்; வேண்டுமாயின் எதிர்ப்புக் குரலும் எழுப்பலாம். தனியார் தளத்தில் விருந்தினன் எனும் தகுதியே வருபவனுக்கு உண்டு. வீதியில் நடப்போரும் இக்கட்டடத்தினால் இடருற்றனர். 2013ஆம் ஆண்டு கோடையில் அதன் குழிந்த கண்ணாடி முகப்பு சூரிய ஒளியைக் குவித்து வீதியிற் பாய்ச்சியதால், அங்கு நிறுத்தப்பட்டிருந்த மோட்டார் வண்டியொன்றின் பாகங்கள் உருகின. நட்டத்தை வீதி ஏற்க, இலாபம் மேலே சென்றது. 2017இல் இக்கட்டடம் ஏறத்தாழ 128 கோடிப் பவுணுக்கு ஹொங்கொங்கைச் சேர்ந்த நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது.

ஆயினும் இதனை வெறும் ஏமாற்று எனத் தள்ளிவிடுதல் வரலாற்று நோக்காகாது. திட்டமிடற் சட்டத்தின் நிர்ப்பந்தம் இல்லாதிருப்பின் இத்தோட்டமும் இல்லை. மேலும், ஒரு முறை பெறப்பட்ட சலுகை மரபாக வளரும் இயல்பினது. 2019இல் அதே வீதி 120ஆம் இலக்கக் கட்டடத்தின் 15ஆம் மாடியில், முற்பதிவே தேவைப்படாத கூரைத்தோட்டம் திறக்கப்பட்டது. 2023இற் பிஷப்ஸ்கேற் 8ஆம் இலக்கக் கட்டடத்தின் 50ஆம் மாடியும், 22ஆம் இலக்கக் கட்டடத்தின் 58ஆம் மாடியும் கட்டணமற்ற பார்வைமாடங்களாயின. பின்னையது 254 மீற்றர் உயரத்தில் உள்ளது. கட்டணம் அறவிடும் 'ஷாட்' மாடத்தை விஞ்சும் உயரம் அது. ஒரு காலத்திற் கட்டணமின்றிக் கிடைக்கவியலாதென எண்ணப்பட்டது, பத்தாண்டுக்குள் வழக்கமாயிற்று.

இங்கு தோக்கியோ நகரின் அநுபவத்தை ஒப்புநோக்கலாம். கென்சோ தாங்கே வடிவமைத்த தோக்கியோ மாநகர அரசாங்கக் கட்டடம் 1991இற் திறக்கப்பட்டது. அதன் இரட்டைக் கோபுரங்களின் 45ஆம் மாடியில், 202 மீற்றர் உயரத்தில், கட்டணமற்ற பார்வைமாடங்கள் உள்ளன. அங்கே மாடத்தின் சொந்தக்காரர் வரி செலுத்திய மக்கள். பெருஞ்செலவு காரணமாக 'வரிக்கோபுரம்' எனும் எள்ளலுக்கு அது உள்ளாயிற்று. ஆயினும் யார் கொடுத்தார், யார் பெற்றார் எனும் கணக்கு அங்கே வெளிப்படை. இலண்டனில் அக்கணக்கு மறைபொருளாக உள்ளது. சிற்றியில் 309 மீற்றருக்கு மேல் எழவுள்ள ஒரு கோபுரத்துக்கு 2024 டிசெம்பரில் அநுமதி கிடைத்தபோது இது மேலும் தெளிவாயிற்று. உச்சியில் இலவசப் பார்வைமாடம் வாக்களிக்கப்பட்ட அத்திட்டம், நிலமட்டத்திலுள்ள பொதுச் சதுக்கத்தைக் குறுக்கிவிடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. மேலே ஒரு மணிநேரக் காட்சியைத் தந்து, கீழே நாள்தோறும் மிதிக்கும் நிலத்தை எடுத்துக்கொள்வது சமமான பரிமாற்றமா என்பது இனி எழும் ஒவ்வொரு கோபுரத்திடமும் கேட்கவேண்டிய வினாவாகும்.

மாடத்திலிருந்து தெரியாதவை

உயரம் நகரை ஓர் ஓவியமாக்கிவிடுகின்றது. ஓசை அடங்குகின்றது, மனிதர் புள்ளிகளாகின்றனர். அவ்வழகில் மறைந்துபோவது அந்நகரின் செல்வம் எங்கிருந்து வந்தது எனும் கேள்வி. வான்தோட்டத்தின் வடபுறத்தே தெரியும் லொயிட்ஸ் கட்டடம், லெடன்ஹோல் வீதியிற் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகம் நின்ற நிலத்தில், 1986இற் திறக்கப்பட்டது. இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும்பகுதி அவ்விடத்திலிருந்து ஆளப்பட்டது. அப்பழைய மாளிகை 1861இல் இடிக்கப்பட்டது.

கிழக்கே மிக அருகில் மின்சிங் ஒழுங்கை உள்ளது. கம்பனியின் சீன வணிக ஏகபோகம் நீங்கிய பின்னர், 1834 முதல் தேயிலை ஏலங்கள் அங்கு நடைபெறலாயின. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தின் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலையின் வழிவந்த 23 இறாத்தல், 1873இல் இலண்டனை அடைந்தது. அதன்பின் மலைநாட்டுத் தோட்டங்களிற் தமிழ்நாட்டிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளர் பறித்த கொழுந்தின் விலை பல தலைமுறைகளாக அவ்வொழுங்கையிலே கூறப்பட்டது. 1930களில் அங்கு எழுந்த பெருங்கட்டடம் 'பிளான்ரேசன் ஹவுஸ்', அதாவது 'தோட்ட மாளிகை', எனவே பெயர்பெற்றது. ஸ்ரேலிங் கம்பனிகளின் தோட்டங்கள் 1975இல் இலங்கையில் அரசுடைமையாயின. 1679இற் தொடங்கிய இலண்டன் தேயிலை ஏலம் 1998 யூன் 29ஆந் திகதி நிறைவுற்றது. பழைய மாளிகை நின்ற இடத்தில் எழுந்த புதிய கட்டடமும் 'பிளான்ரேசன் பிளேஸ்' என்றே பெயர்பெற்றிருந்தது. அப்பெயரின் பொருளை மாடத்திலிருந்து நோக்குவோருள் எத்தனை பேர் அறிவர்? ஏலத்தில் விலை கூறியோரும், மலைச்சரிவிற் கூடை சுமந்தோரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அவர்களை இணைத்தது இலாபம் ஒன்றே.

நினைவூட்டல் இயலாததொன்றன்று. 120ஆம் இலக்கக் கட்டடத்தை அடுத்துள்ள பென் முற்றத்தில், அடிமை வணிகத்தின் ஒழிப்பை நினைவுகூரும் சிற்பத்தொகுதி ஒன்றைப் பேராயர் டெஸ்மண்ட் ருற்று 2008இற் திறந்துவைத்தார். கரும்புத் தண்டுகளை ஒத்த கற்றூண்கள் அங்கே நிற்கின்றன. அவை நிலமட்டத்தில் உள்ளன. அவற்றைக் காண மின்னுயர்த்தி வேண்டியதில்லை, முற்பதிவும் வேண்டியதில்லை. நகரின் உண்மையான முகத்தைக் காணச் சிலவேளை மேலே ஏறுவதிலும் கீழே நிற்றலே தக்கது போலும்.

முடிவுரை

இலண்டனில் உயரம் அரசிடமும் ஆலயத்திடமும் இருந்து காட்சி வணிகரிடம் சென்றது; சிறிதுகாலம் நலன்புரி அரசிடம் தங்கி, பின் நிதிக் கம்பனிகளை அடைந்தது. இன்றைய இலவசப் பார்வைமாடம், கம்பனிகளிடமிருந்து பொதுச் சட்டம் மீட்டெடுத்த ஒரு சிறு பங்கு. அது குறையுடையது, ஆயினும் மீட்டெடுக்கப்பட்டது. வானம் எவர்க்கும் சொந்தமன்று; அதனை மறைக்கும் கட்டடத்துக்கு அநுமதி வழங்கும் அதிகாரம் மக்களின் பெயரால் இயங்குகின்றது. எனவே, அங்கு ஏறுபவர் விருந்தினர் அல்லர். தமக்குரிய கடனை வசூலிக்கச் செல்பவர். இந்த உணர்வோடு ஏறுபவருக்கே அம்மாடம் தெளிவான காட்சியைத் தரும்.